பச்சைத் தண்ணீரில் ஒன்பது சதவீதக் கொழுப்பு

அனுப்புநர்:
சி. அழகுமலை, வயது 43,
த/பெ. சின்னக்கருப்பன்,
எடைத்தராசு பழுதுபார்ப்பவர் (உரிமம் பெற்றவர்),
பேருந்து நிலையம் பின்புறம், மேலூர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
மதுரை.

பொருள்: பசுமலையில் இயங்கும் தனியார் ஸ்கேன் மையம் ஒன்றில் 01.10.2025 முதல் 01.12.2025 வரை எம்.ஆர்.ஐ. மூலம் கல்லீரல் கொழுப்பு தவறாக அளக்கப்பட்ட 38 பேரில், இன்னும் உண்மை தெரியாத 36 பேரை அழைத்து மறுபடி அளக்க உத்தரவிடக் கோருவது தொடர்பாக.

இணைப்பு: 1. மையத்தின் பெயர், முகவரி (தனி உறையில்). 2. என் மூன்று அளவீட்டு அறிக்கைகள், நகல். 3. வேறொரு மையத்தில் எடுத்த அறிக்கை, நகல். 4. கதவின் புகைப்படங்கள் இரண்டு.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, மேலூர் அழகுமலை வணக்கத்துடன் பணிந்து எழுதிக்கொள்வது.

1. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி முனீஸ்வரி (வயது 39) நலமாக இருக்கிறாள். கடந்த டிசம்பர் 29ஆம் தேதி என் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவளுக்குப் பொருத்தினார்கள். கண்ணில் இருந்த மஞ்சள் போய்விட்டது, கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று நான் வைத்த ரசத்தை வாயில் வைத்துவிட்டு, இதற்கு ஆஸ்பத்திரிக் கஞ்சியே தேவலை என்று சொன்னாள். அந்தத் திட்டைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன் என்பதைத் தங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆகவே இது வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கும் ஒருவன் எழுதும் மனு. ஆனாலும் ஐயா, இது புகார்தான். எனக்குத் தெரிந்த உண்மை இன்னும் 36 பேருக்குத் தெரியாது என்பதே என் புகார்.

2. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மேலூரில் தராசு பழுதுபார்க்கிறேன். நெல் மண்டியின் பிளாட்பாரத் தராசு முதல் நகைக்கடையின் எலக்ட்ரானிக் தராசு வரை என் கைக்கு வந்து போகும். பழுதுபார்த்த ஒவ்வொரு தராசும் ஆய்வாளர் முன்னிலையில் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற பிறகே கடைக்குத் திரும்பும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையும் உண்டு.

3. என் மனைவிக்கு வந்தது உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் ஒரு நோய். கடந்த ஆண்டு ஆவணியில் வயிறு நீர் கோத்து வீங்கிவிட்டது. மாற்றுக் கல்லீரல் தவிர வேறு வழியில்லை, ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்றார்கள். அவளது தம்பி செல்வக்குமார் முதல் ஆளாக முன்வந்தான், ரத்த வகை சேரவில்லை. மற்ற உறவினர் யாருக்கும் தோது இல்லை. எனக்குச் சேர்ந்தது. கொடுப்பவரின் கல்லீரலில் கொழுப்பு பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்று மருத்துவமனையில் சொல்லி, அதை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து வரும்படி பசுமலை மையத்துக்கு அனுப்பினார்கள்.

4. 14.10.2025 அன்று முதல் அளவீடு. பதினாறு சதவீதம் என்று அறிக்கை வந்தது. அன்று என் எடை 61 கிலோ. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். மருத்துவமனை என்னை நிராகரித்துவிட்டது.

5. அதன் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது, எழுதாமலும் முடியாது. கல்லீரலில் கொழுப்பு என்றதும் எங்கள் பக்கத்தில் சாராயம் என்றுதான் அர்த்தம். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. செல்வக்குமார் என் கடைக்கு வந்து, ஆட்கள் நிற்கும்போதே, "மச்சான், எம்புட்டு நாளா நடக்குது இது?" என்று கேட்டான். மாமனார் வீட்டார் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் மதியம் முனீஸ்வரிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க. நான் கோவிக்க மாட்டேன்" என்றாள். ஐயா, பதினெட்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் அவள். காகிதத்தில் அச்சடித்த ஒரு எண் அவளையே சந்தேகப்பட வைத்துவிட்டது. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

6. கொழுப்பைக் குறைத்துக் காட்டினால் மறுபடி பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எண்ணெயை விட்டேன். இரவுச் சோற்றை விட்டேன். தினமும் விடிந்ததும் அழகர்கோவில் சாலையில் எட்டு கிலோமீட்டர் நடந்தேன். வாரம் ஒருமுறை நெல் மூடை நிறுக்கும் முத்திரையிட்ட தராசில் ஏறி நின்று என்னை நிறுத்துக்கொண்டேன். ஆறரை வாரத்தில் 61 கிலோ 54 ஆனது. வழியில் பார்த்தவர்கள் எனக்குத்தான் நோய் என்று நினைத்து துக்கம் விசாரித்தார்கள். 28.11.2025 அன்று மறுபடி அளந்தார்கள். பதினேழு.

7. அந்தப் பதினேழைப் பார்த்ததும் முதலில் கண் இருண்டது. பேருந்தில் மேலூர் வந்து சேர்வதற்குள் கோபம் வந்தது. ஏழு கிலோ இளைத்தவனுக்குக் கொழுப்பு ஏறுமாம்! நிறுக்கிற சாமான் இறங்க இறங்கத் தராசு ஏறிக் காட்டினால் நாங்கள் சாமானைத் திட்டமாட்டோம், தராசைத் திருப்பிப் பார்ப்போம். இருபத்திரண்டு வருடமாக ஊருக்குச் சொல்லும் பாடம் எனக்கென்று வரும்போது ஆறரை வாரம் உறைக்காமல் போனது. டாக்டர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டையும் அவ்வளவு பெரிய இயந்திரத்தையும் கண்டு வாயடைத்துப் போயிருந்தேன் என்பதுதான் உண்மை.

8. திங்கட்கிழமை 01.12.2025 காலை மையத்துக்குப் போய் அங்கே இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் திரு. அசோக்குமாரைப் பார்த்தேன். காலித் தட்டு பார்த்தீர்களா என்று கேட்டேன். எந்தத் தராசிலும் சாமான் வைப்பதற்கு முன் தட்டு காலியாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அவர் சிரித்துவிட்டு, "இது தராசு இல்லண்ணே, மெசினு" என்றார். எண் சொல்கிற எல்லாமே தராசுதான் தம்பி என்றேன். அவர் நல்ல பிள்ளை. சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு அலமாரியில் தூசி படிந்து கிடந்த, வாய் மூடிய தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். இயந்திரத்தைச் சோதிப்பதற்கென்றே கம்பெனி கொடுத்ததாம். சர்வீஸ் இன்ஜினீயர் வரும்போது மட்டும் வெளியே எடுப்பார்களாம். அதைப் படுக்கையில் வைத்து, எனக்கு அளந்தது போலவே அளந்தார். திரையில் ஒன்பது சதவீதம் என்று வந்தது. அசோக்குமார் எழுந்து நின்றுவிட்டார். "பச்சத் தண்ணியில ஏதுண்ணே கொழுப்பு?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது!

9. பின்பு அவர் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் தங்கள் கவனத்துக்கு வைக்கிறேன். தவறிருந்தால் பொறுத்தருளவும். உடம்பிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டுத்தான் அந்த இயந்திரம் அளக்கிறது. அந்த அலை மிக மெல்லியது. வெளியே இருந்து வேறு அலைகள் நுழைந்தால் அது இரைச்சல். காதுக்குக் கேட்கும் 'டொம் டொம்' சத்தத்தைச் சொல்லவில்லை. மிக்ஸி ஓடும்போது பழைய ரேடியோ கரகரக்குமே, அந்த வகை. கொழுப்பின் அலை சிறியது, ஆகவே கரகரப்பு கூடும்போது இயந்திரம் அந்தக் கரகரப்பையும் கொழுப்பென்று சேர்த்துக்கொள்கிறது. எவ்வளவு ஒல்லியான ஆளாக இருந்தாலும் அதற்குக் கீழே எண் இறங்காது. பாட்டில் தண்ணீரின் அலை உரக்க வருவதால் அதற்கு ஒன்பது, மனிதக் கல்லீரலின் அலை மெலிந்து வருவதால் எனக்குப் பதினாறு. நான் பட்டினி கிடந்ததற்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியாதா என்று கேட்டேன். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று கணினியே படத்தை வழவழப்பாக்கிவிடுகிறதாம். வெளியூரிலிருந்து இணையம் வழியாகப் படம் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவருக்குப் படம் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கிறது.

10. வெளி அலை நுழையாதிருக்கவே அந்த அறை முழுவதும் செம்புத் தகடு போர்த்தியிருக்கிறது. கதவு மூடும் இடத்தில் சுற்றிலும் சின்னச் சின்னச் செப்புப் பட்டைகள் கதவு நிலையோடு அழுந்தி இடைவெளியை அடைக்கும். எப்போதிருந்து இப்படி என்று நான் கேட்க, அசோக்குமார் பழைய கோப்புகளைப் புரட்டினார். செப்டம்பர் வரை சரியாக இருந்திருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பிறகுதான் இரைச்சல். ஆயுத பூஜை என்று அவர் வாயில் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, ஐயா. அந்தப் பண்டிகைக்கு மறுநாள் மேலூர் கடைகளில் எனக்கு வேலையே தராசுத் தட்டில் அப்பிய சந்தனத்தைச் சுரண்டுவதுதான். பொட்டு வைத்த பக்திமான்கள் அதன் எடையையும் சேர்த்து வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவார்கள்.

11. போய்ப் பார்த்தோம். காந்த அறைக்குள் சூடத்தட்டைக் கொண்டுபோனால் இரும்பு பறந்து போய் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இயந்திரத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதையை ஊழியர்கள் கதவுக்குச் செய்திருக்கிறார்கள். பளபளவென்று இருந்த அந்தச் செப்புப் பட்டைகளின் மேல், மேலிருந்து கீழ்வரை சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பட்டை பட்டையாகப் பூசியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் அது சிமென்ட் போல இறுகி, செம்பும் நிலையும் தொடாதபடி செய்துவிட்டது. போதாததற்குக் கதவை ஒட்டிச் சரசுவதி படம், படத்தைச் சுற்றி மினுக் மினுக்கென்று ஒரு சீரியல் செட். பூஜை முடிந்ததும் கழற்றியிருக்க வேண்டியது. தீபாவளி வரை இருக்கட்டும் என்றார்களாம். பிறகு கார்த்திகை வரை இருக்கட்டும் என்றார்களாம். அந்த மலிவு விளக்கின் பெட்டியிலிருந்து கிளம்பிய கரகரப்பு சந்தனம் பூசிய கதவிடுக்கு வழியாக உள்ளே போய் என் கல்லீரலில் கொழுப்பாக உட்கார்ந்துகொண்டது. சீரியல் செட்டைப் பிடுங்கினோம். அசோக்குமாரும் நானும் ஈரத்துணியும் மெல்லிய தூரிகையுமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து பட்டைகளைச் சுத்தம் செய்தோம். பாட்டிலை மறுபடி வைத்தார். பூஜ்யம் புள்ளி நான்கு.

12. மறுநாள் 02.12.2025 எனக்கு மூன்றாவது அளவீடு. மூன்று சதவீதம். நம்பிக்கை வராமல் வேறு ஒரு மையத்திலும் எடுத்தேன், அங்கும் மூன்றுதான். அறிக்கையை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போனேன். முனீஸ்வரியிடம் நீட்டினேன். அவள் எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மூன்று தோசை, நல்லெண்ணெய் ஊற்றி, சாப்பிட்டேன். செல்வக்குமார் வந்து வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டேன், அந்த அளவு கோபம் எனக்கு உரிமை என்று நினைக்கிறேன்.

13. இனி புகாருக்கு வருகிறேன். அந்த இரண்டு மாதத்தில் கல்லீரல் கொழுப்பு அளக்கப்பட்டவர்கள் என்னையும் சேர்த்து 38 பேர் என்று அசோக்குமார் கணக்கெடுத்தார். பெயர்களை அவர் எனக்குச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்பதும் சரிதான். எல்லாரையும் அழைத்து இலவசமாக மறுபடி அளப்போம் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தார். மேலாளர் மறுத்துவிட்டார். பெயர் கெட்டுவிடுமாம். நான் அறுவை சிகிச்சை முடிந்து தையல் காய்ந்ததும் பிப்ரவரியில் நேரில் போய்க் கேட்டேன். "உங்க வீட்டம்மா நல்லாத்தானே இருக்காங்க, பெறகென்ன?" என்றார். அசோக்குமாரை விடுப்பில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. என்னிடம் இருக்கும் பதினாறு, பதினேழு என்ற இரண்டு அறிக்கைகளும் தவறு என்று இன்று வரை ஒரு வரி எழுதித் தரவில்லை.

14. அந்த 38 பேரில் ஒருவரை மட்டும் எனக்கு முகம் தெரியும். நவம்பர் 28 அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் பேயாண்டி, உசிலம்பட்டிப் பக்கம், டிராக்டர் ஓட்டுபவர். தன் அக்காள் ஒச்சாயிக்குக் கல்லீரல் கொடுக்க வந்திருந்தார். பதிமூன்று என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா மூஞ்சில எப்படிண்ணே முழிக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பேருந்தில் போய்த் தேடினேன். அந்தப் பக்கம் பேயாண்டி என்று கேட்டால் ஊருக்கு நான்கு பேரைக் காட்டுகிறார்கள், அதில் இருவர் டிராக்டர் ஓட்டுகிறார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு பட்டறையில் சரியான பேயாண்டியைப் பிடித்தேன். நான் சொன்னதைக் கேட்டு டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நெசமாத்தான் சொல்றீகளா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றரை மாதமாக அக்காள் வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை. கொடுக்க மனமில்லாமல் டாக்டரைக் காரணம் காட்டுகிறான் என்று அங்கே பேச்சாம். கடந்த 12ஆம் தேதி வேறு மையத்தில் அவருக்கு அளந்தோம். நான்கு சதவீதம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒச்சாயி வீட்டுக்கு அவர் போனபோது நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் உயிரோடு இருக்கிறார், ஐயா. மெலிந்திருக்கிறார், ஆனால் தம்பியைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் இரண்டு அடி அடித்தார். அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

15. ஆகவே ஐயா அவர்கள் பின்வருவனவற்றைச் செய்து தரும்படி வேண்டுகிறேன்.

(அ) மீதமுள்ள 36 பேரையும் மையமே தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொல்லி, கட்டணமின்றி மறுபடி அளக்க உத்தரவிட வேண்டும். அவர்களில் யார் யார் கொடுப்பதற்கு வந்தவர்களோ அவர்களை முதலில் அழைக்க வேண்டும்.

(ஆ) தினமும் முதல் ஆள் படுக்கும் முன் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துச் சோதித்து, அந்த எண்ணை எல்லாரும் பார்க்கும்படி வரவேற்பறைப் பலகையில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். மேலூரில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு இருக்கும் கண்டிப்பு கல்லீரல் அளக்கும் இயந்திரத்துக்கும் இருக்கட்டும்.

(இ) உண்மையைச் சொன்ன திரு. அசோக்குமாரை மறுபடி வேலையில் சேர்க்க அறிவுறுத்த வேண்டும். மையத்தை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை, அது ஏழை எளியவர்கள் போகும் இடம். பூஜையையும் நிறுத்த வேண்டாம், நானும் என் தராசுகளுக்குப் பொட்டு வைப்பவன்தான். வரவேற்பு மேசையில் வைத்துக்கொள்ளட்டும்.

16. கையில் விலாசம் இல்லாமல், தையல் போட்ட வயிற்றோடு, பேருந்து மாறி மாறி ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மீதி 36 பேரின் தொலைபேசி எண்களும் அந்த மையத்தின் கணினியில் இருக்கின்றன. ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினாலும் மொத்தம் மூன்று மணி நேரம். தாங்கள் காலையில் கையெழுத்திட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, நன்றியுடன்,
சி. அழகுமலை
(கையொப்பம்)

இடம்: மேலூர்
நாள்: 16.03.2026